‘டோன்’ என்றால் ‘கிழிசல்’ என்று கேட்கிறதா? ஆங்கில உயிரொலிகளைப் பழகப் புதியவர்களுக்கு ஒரு வழி

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பையருடன், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிற லண்டன் அம்மாவுடன், போனில் பேசும்போது, “டூ ஸ்டைல்ஸ், டோன் ப்ராப்ளம்” என்று சொன்னேன். எம்பிராய்டரி நூலின் நிறமும் துணியின் நிறமும் ஒரு பொட்டு ஒத்துப்போகவில்லை, விஷயம் அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கோ துணி கிழிந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் மெயில்: இரண்டு ஸ்டைலிலும் எல்லாப் பெட்டியையும் பிரித்து நூறு சதவீதம் செக் செய்து ரிப்போர்ட் அனுப்பவும். ஒட்டிய பெட்டிகளைப் பிரித்து, பார்த்து, மறுபடி ஒட்டி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. பேக்கிங் அக்காமார் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், கிழிந்தது என்று பொருள் தரும் டி-ஓ-ஆர்-என் என்ற சொல்லில் ஆர் ஒலிக்காது. மிஞ்சுவது நம்முடைய ‘ஓ’ மாதிரி நேராக நிற்கும் ஒரு நீண்ட ஒலி. நிறச்சாயலைச் சொல்லும் டி-ஓ-என்-இ என்ற சொல்லில் ‘ஓ’ நேராக நிற்காது, உகரத்தை நோக்கிச் சறுக்கும். நான் தமிழ் ‘ஓ’வை வைத்து நேராகச் சொன்னேன், அவர்களுக்கு முதல் சொல்லாகக் கேட்டது. நேராக நிற்பதைத் தனி உயிர் என்றும் சறுக்குவதைக் கூட்டுயிர் என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டுயிரை ஆங்கிலத்தில் டிஃப்தாங் என்பார்கள்.

இதைச் சரிசெய்ய நான் சுற்றாத இடமில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். என் உதாரணங்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி வார்த்தைகளாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் வேறாக இருந்தால் உங்கள் வார்த்தைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

1. கையில் என்ன வேண்டும், எதற்குப் பணம் தரக்கூடாது

வேண்டியவை: ரெக்கார்டர் உள்ள போன், வயர் வைத்த இயர்போன் ஒன்று (நான் 180 ரூபாய்க்கு வாங்கியது இன்னும் ஓடுகிறது), முகம் பார்க்கும் கண்ணாடி, 40 ரூபாய் நோட்டு ஒன்று. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்கன் என இரண்டு ஒலிபெருக்கிக் குறி இருக்கும், தொட்டால் பேசும். செலவு இவ்வளவுதான்.

தேவைப்படாதவை இரண்டு. ஒன்று, ‘ஆக்சென்ட் ட்ரெய்னிங்’ வகுப்பு. நான் எட்டாயிரம் ரூபாய் கட்டி ஒரு வகுப்புக்குப் போனேன், நாக்கை மடக்கி அமெரிக்கர் மாதிரி ‘ஆர்’ சொல்ல ஒரு மாதம் பழக்கினார்கள், ‘டோன்’ அப்படியே ‘டோன்’ ஆகத்தான் இருந்தது. இரண்டு, பஸ் ஸ்டாண்டில் விற்கிற, ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் போட்ட புத்தகங்கள். அறுபது ரூபாய்தான் என்றாலும் கெடுதல் அதிகம், ஏனென்றால் பிரச்சினையே அந்த எழுத்துக்கூட்டலில்தான் பிறக்கிறது. ‘டேப்’ என்று எழுதிவிட்டால் அது தண்ணீர்க் குழாயா, அளக்கிற நாடாவா என்று எழுத்து சொல்லாது, இரண்டையும் ஒரே மாதிரிதான் வாசிப்போம். இந்தக் கட்டுரையும் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே வரும் ஆங்கிலச் சொற்களை அப்படியே வாசித்து மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லை அடையாளம் கண்டுகொண்டு, ஒலியை அகராதியில் கேளுங்கள்.

2. கண்ணாடி முன்னால் பத்து நிமிடம்

‘ஆ’ என்று ஐந்து விநாடி இழுங்கள். தாடையும் உதடும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். ‘ஈ’, ‘ஊ’ இழுத்தாலும் அப்படியே. தனி உயிர் என்றால் இதுதான், எவ்வளவு இழுத்தாலும் வாய் நகராது.

இப்போது ‘கை’ என்று சொல்லி இழுங்கள். எங்கே இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘கஅஅஅ’ என்று முதல் பாதியை இழுத்துவிட்டுக் கடைசியில்தான் ‘இ’க்குப் போவீர்கள், தாடை மேலே ஏறுவது கண்ணாடியில் தெரியும். அகரமும் இகரமும் சேர்ந்து ஐகாரம், அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். கூட்டுயிர் நமக்குப் புதிதே கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: முதல் பாதி நீளம், பலம், இரண்டாம் பாதி குட்டை, மெலிவு. ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, இரண்டையும் சமமாகச் சொல்லி ‘டே-இப்’ என்று இரண்டு அசையாக உடைப்பது. நகர்ந்து போகிற இடத்தை லேசாகத் தொட்டால் போதும், அங்கே போய் உட்கார வேண்டாம்.

நான் இதைப் பழகிக்கொண்டிருந்தபோது அம்மாயி வாசற்படியில் இருந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, பல்லு வலிக்குதா?” என்று கேட்டது. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

3. ஏபிசிடியை ஏழு கட்டமாகப் பிரியுங்கள்

எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் இதுதான் ஆக உபயோகமானது, காசும் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் பெயர்களே உயிரொலிப் பட்டியல்தான். நோட்டில் ஏழு கட்டம் போட்டு இப்படி எழுதுங்கள்:

எய் என்று சறுக்குபவை: ஏ, ஹெச், ஜே, கே.
ஐ என்று சறுக்குபவை: ஐ, ஒய்.
ஒஉ என்று சறுக்குவது: ஓ மட்டும்.
நேரான ஈ: பி, சி, டி, ஈ, ஜி, பீ, டீ, வி (அதாவது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஏழாவது, பதினாறாவது, இருபதாவது, இருபத்திரண்டாவது எழுத்துகள்).
நேரான எ: எஃப், எல், எம், என், எஸ், எக்ஸ், பிரிட்டிஷ்காரர்களுக்குக் கடைசி எழுத்தும், அமெரிக்கர்கள் அதை ‘ஈ’ கட்டத்தில் சேர்ப்பார்கள்.
ஊவில் முடிபவை: க்யூ, யூ, டபிள்யூ.
நேரான ஆ: ஆர்.

இருபத்தாறில் ஏழுதான் சறுக்குகிறது. அந்த ஏழில் ஐந்தை நாம் தப்பாகச் சொல்கிறோம். ‘ஏ’வைத் தமிழ் ஏகாரமாக, ‘ஜே’, ‘கே’யையும் அதே மாதிரி, ‘ஓ’வைத் தமிழ் ஓகாரமாக. எட்டாவது எழுத்தை ‘ஹெச்’ என்று குறுக்கிவிடுகிறோம், அது ‘எய்ச்’. போனில் ஸ்டைல் நம்பரோ பெயரோ எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ‘ஏ’ சொன்னால் எதிரில் இருப்பவர் ‘ஈ’ என்று எழுதிக்கொள்கிறாரா? காரணம் இங்கே இருக்கிறது. தினமும் காலையில் உங்கள் பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுத்துகளாக ஒரு முறை ரெக்கார்ட் செய்யுங்கள். எங்கள் ஊர் சோமனூர், அதில் மட்டும் ‘ஓ’ மூன்று முறை வருகிறது, நல்ல தண்டனை.

4. தமிழில் இருக்கும் சறுக்கலைக் கொண்டுவந்து ஒட்டுங்கள்

‘எய்’க்கு ‘நெய்’ சொல்லுங்கள். ஊத்துக்குளி வெண்ணெயைச் சொன்னால் பேச்சில் ‘வெண்ண’ ஆகிவிடும், அது உதவாது. நெய் எங்கே போனாலும் நெய்தான். அந்த ‘நெய்’யில் இருந்து நகரத்தை எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளைப் போடுங்கள்: டெய், லெய், ஷெய். அப்புறம் பின்னால் மெய் சேருங்கள்: டெய்ப், லெய்ஸ், ஷெய்ட். நாடா, லேஸ், கலர் ஷேடு மூன்றும் வந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நாமெல்லாம் ‘டெய்லர்’ என்றுதான் சொல்கிறோம், ‘டேலர்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பெயிண்ட்’, ‘மெயில்’, ‘ட்ரெயின்’ எல்லாவற்றிலும் சறுக்கல் தானாக வருகிறது, ஏனென்றால் ஆங்கில எழுத்தில் ‘ஏ’யும் ‘ஐ’யும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண் பார்க்கிறது. ‘டேப்’, ‘லேட்’, ‘கேட்’ என்று வந்தால் எழுத்து ஒன்றுதானே என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். ஒலி இரண்டிலும் ஒன்றேதான். ‘டெய்லர்’ சொல்கிற வாய்க்கு ‘டெய்ப்’ கஷ்டமே இல்லை, எழுத்தை நம்புவதை விட்டால் போதும்.

‘ஐ’க்கு ‘கை’, ‘பை’. டை அடிக்கிற டை, சைஸ், ஸ்ட்ரைப், ஒயிட். இதில் நமக்குப் பெரிய சிக்கல் கிடையாது.

‘ஒய்’க்கு ‘மொய்’. கல்யாணத்தில் எழுதுகிற மொய்தான். பாயில், பாயிண்ட் என்று ஆகாரம் போட்டுச் சொல்கிற பழக்கம் இருந்தால் ‘மொய்’யை நினைத்துக்கொண்டு ‘பொய்ல்’, ‘பொய்ண்ட்’ என்று மாற்றுங்கள். வாயில் சேலை என்கிறோமே, அந்தத் துணியின் பெயரும் ஆங்கிலத்தில் ‘வொய்ல்’தான்.

‘அவ்’வுக்குக் கவுண்டம்பாளையம். அதன் முதல் இரண்டு எழுத்தை வேகமாக ஒன்றாக்கினால் கவுண்ட், அதாவது நூல் கவுண்ட். ப்ளவுஸ், ரவுண்ட் நெக், ட்ரவுசர் எல்லாம் இதே ஜாதி.

5. ‘ஓ’வுக்குத் தனியாக ஒரு வாரம்

முந்தைய படியில் இதை வேண்டுமென்றே விட்டேன். மற்றவற்றுக்குத் தமிழில் அப்படியே ஒரு சொல் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காது. அதனால்தான் எல்லோரும் இங்கே விழுகிறோம்.

அமெரிக்க ‘ஓ’ கொஞ்சம் சுலபம். குறில் ‘ஒ’ சொல்லிக்கொண்டே உதட்டை விசிலடிக்கிற மாதிரிக் குவியுங்கள்: ஒ-உ. உதடு குவிவது கண்ணாடியில் தெரிந்தே ஆக வேண்டும், தெரியவில்லை என்றால் ஒலியிலும் வந்திருக்காது.

பிரிட்டிஷ் ‘ஓ’ ஆரம்பிக்கும்போது உதடு குவிந்தே இருக்காது. இதற்கு எனக்கு உதவியது குற்றியலுகரம். ‘பாக்கு’, ‘நாக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், கடைசி உகரத்துக்கு உதடு குவியாமல் சோம்பலாகக் கிடக்கும். ஆங்கில ஒலி இதைவிடக் கொஞ்சம் திறந்தது, இருந்தாலும் பக்கத்து வீடுதான். அந்தச் சோம்பல் வாயோடு தொடங்கி, பிறகு உதட்டைக் குவித்து முடித்தால் லண்டன்காரரின் ‘நோ’ வந்துவிடும்.

எது வேண்டுமோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் ஐரோப்பிய ஆர்டர்தான் அதிகம், அதனால் பிரிட்டிஷ் எடுத்தேன். உங்களுக்கு அமெரிக்க கிளையன்ட் என்றால் அமெரிக்கன்.

பழகும் சொற்கள்: டோன், கோட், லோட், ஃபோல்ட், க்ளோத்ஸ். அப்புறம் தைப்பது என்று பொருள் தரும் எஸ்-ஈ-டபிள்யூ. தையல் ஊரில் இருந்துகொண்டு அதை ‘ஸ்யூ’ என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது ‘அதனால்’ என்று பொருள் தரும் எஸ்-ஓ மாதிரியே ஒலிக்கும், ஒரு இம்மி வித்தியாசமில்லை. கிரிக்கெட் பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் விழுவார்கள்: ‘பவுலிங்’ என்று ‘அவ்’ போட்டுச் சொல்வது. அதுவும் இந்த ‘ஒஉ’தான்.

6. அகராதியில் எங்கே பார்ப்பது

சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே சில குறிகள் இருக்கும். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், நான் உட்கார்ந்து மூன்று வாரம் வீணானது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உயிரின் இடத்தில் ஒரு குறி இருந்தால் தனி உயிர், இரண்டு குறி ஒட்டி இருந்தால் கூட்டுயிர். குறிக்குப் பின்னால் முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளி இருந்தால் அது நெடில் என்று அர்த்தம், சறுக்கல் என்று அர்த்தமில்லை. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்குப் பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு தனி உயிர் 12, கூட்டுயிர் 8. அமெரிக்கனுக்குக் கூட்டுயிர் பொதுவாக 5தான் சொல்வார்கள், மேலே பார்த்த அந்த ஐந்து. மிச்சம் மூன்று எங்கே போனது என்று கேட்டால், அவை ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் வருபவை: க்ளியர், பேர், ப்யூர் மாதிரியான சொற்கள். அமெரிக்கர் ‘ஆர்’ஐ ஒலித்துவிடுவதால் அங்கே சறுக்கல் தேவையில்லை. பிரிட்டிஷ் பேச்சிலும் இப்போது ‘பேர்’ வகை நேராகிவிட்டது, ஏழை என்று பொருள் தரும் ‘புவர்’ஐப் பலரும் நேரான ஓகாரத்தில்தான் சொல்கிறார்கள். அதனால் இந்த மூன்றுக்காக மண்டையை உடைக்காமல் தாண்டிப் போங்கள்.

எழுத்தை வைத்து ஒலியைக் கணிப்பதுதான் பெரிய பொறி. நூல் என்று பொருள் தரும் ‘த்ரெட்’டில் ஈ, ஏ என்று இரண்டு உயிரெழுத்து இருந்தாலும் ஒலி நேரான குறில் எகரம். அதே இரண்டு எழுத்து ‘ப்ரேக்’கில் வந்தால் எய் என்று சறுக்கும், ‘ப்ளீச்’சில் வந்தால் நேரான ஈ. ‘சொன்னார்’ என்பதற்கான ‘செட்’டில் ஏ, ஐ இரண்டும் இருந்தும் சறுக்கலே கிடையாது. சந்தேகம் வந்தால் தொட்டுக் கேளுங்கள், பத்து விநாடி வேலை.

7. தனி உயிர்களில் நாம் மாட்டுகிற இடங்கள்

‘ஷிப்’பா ‘ஷீப்’பா என்று எல்லா வகுப்பிலும் ஒரு வாரம் ஓட்டுவார்கள். குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, இதில் தமிழர் அவ்வளவாகத் தப்பு செய்வதில்லை. அந்த நேரத்தை இந்த இரண்டில் போடுங்கள்.

முதலாவது ‘கேப்’. இதைத் தமிழில் படித்தால் தலையில் போடும் தொப்பி, தோளில் போர்த்துவது, நடுவே இருக்கும் இடைவெளி, மூன்றும் ஒன்றுதான். நம் ஏகாரம் தலையில் அவ்வளவு சுமை. தோளில் போர்த்துவது மட்டும்தான் ‘எய்’. மற்ற இரண்டிலும் வருவது ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே இருக்கும் நேரான ஒலி: ‘ஏ’ சொல்ல வாயை வைத்துக்கொண்டு தாடையை ஒரு விரல் அளவு கீழே இறக்குங்கள், உதட்டைக் குவிக்காதீர்கள். ‘டேப்’ என்று எழுதும் குழாயும் நாடாவும், ‘மேட்’ என்று எழுதும் பாயும் கூட்டாளியும் இப்படித்தான் பிரியும்.

இரண்டாவது ‘கார்டு’. பாலிபேக்கில் வைக்கிற அட்டையும் ‘கார்டு’, ஷார்ட்ஸ் இடுப்பில் கோக்கிற நாடாவும் ‘ட்ரா கார்டு’. நாடாவுக்கு உதடு வட்டமாக வேண்டும், ஏறக்குறைய நம் தமிழ் ‘ஓ’. அதாவது ‘டோன்’ சொல்லக்கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அந்த நேரான ‘ஓ’வுக்கு இங்கே வேலை வந்துவிட்டது. ஹால், கால், பால் என்று ஆகாரத்தில் சொல்கிற அறை, அழைப்பு, பந்து மூன்றுக்கும் இதே ‘ஓ’தான் பொருந்தும். தூக்கிப் போடாதீர்கள், இடம் மாற்றி வையுங்கள்.

இன்னும் சில சில்லறைப் பொறிகள். தமிழில் ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘ஒன்று’ என்பதை ‘வொண்ணு’ என்றும் சொல்வோம், அந்தப் பழக்கத்தில் ‘யெக்ஸ்போர்ட்’, ‘வோல்ட் ஸ்டாக்’ என்று வரும். முன்னால் ஒட்டும் அந்த ய், வ் இரண்டையும் வெட்டுங்கள். சொல்லின் கடைசியில் ‘டேப்பு’, ‘கோட்டு’ என்று உகரம் ஒட்டுவதும் அப்படித்தான், அது ஒரு அசையைக் கூட்டிவிடும்.

நீளம்: பிற்பாதியில் ப், ட், க், ஸ் மாதிரி வல்லொலி வந்தால் முன்னால் இருக்கும் உயிர் குறுகும். விலையும் பரிசும் நாம் எழுதும்போது ‘ப்ரைஸ்’தான். விலைக்கு ‘ஐ’ குட்டை, பரிசுக்கு நீளம், கடைசி ஒலியும் அதிரும். விலை பேசும் போனில் இது முக்கியம்.

கடைசியாக, சறுக்கப் பழகிய பிறகு வரும் வியாதி. எனக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது. எல்லாவற்றையும் சறுக்க ஆரம்பித்து, துணி ஈரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வெய்ட்’ என்றேன். அந்தப் பக்கம் உடனே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எவ்வளவு என்று கேட்டார்கள். ஈரம் நேரான குறில் எகரம், எடைதான் எய். எங்கே நிற்கணுமோ அங்கே நிற்கவும் பழக வேண்டும்.

8. எவ்வளவு நாள், எந்த நேரம்

தினம் இருபது நிமிடம், ஆறு வாரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தாடை வலிதான் மிஞ்சும்.

முதல் வாரம் வாயே திறக்காதீர்கள், கேட்பது மட்டும். யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஆங்கிலச் செய்தி கேட்டால் ‘எய்’யும் ‘ஒஉ’வும் நகர்ந்து போவது தெளிவாகக் காதில் விழும். இரண்டாவது வாரம் ஏபிசிடிக் கட்டமும் எய்யும். மூன்றாவது முழுக்க ‘ஓ’. நான்காவது கேப், கார்டு. ஐந்து, ஆறு: சொந்தத் தொழிலில் தினம் சொல்கிற முப்பது சொல்லை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து ரெக்கார்ட் செய்வது. தனிச்சொல்லாகச் சரியாக வருவது வாக்கியத்தில் வேகமாகப் பேசும்போது பழைய இடத்துக்கே ஓடும், அதனால் இந்தக் கடைசி இரண்டு வாரத்தைச் சுருக்க வேண்டாம்.

ரெக்கார்டிங்குக்குச் சத்தமில்லாத இடம் தேவை. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறி. கரண்ட் போனால்தான் நிசப்தம். ஆக, ஊரே மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

9. தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும்

என் சித்தி மகள் நர்சிங் முடித்துவிட்டு ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வு) எழுதினாள், அதில் தெரிந்துகொண்டவை. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சமமாக 25 சதவீதம். பிரிட்டிஷ்காரர் மாதிரிப் பேசினால்தான் மதிப்பெண் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படியெல்லாம் இல்லை, சொல்வது சிரமமில்லாமல் புரிய வேண்டும். நர்சுகள் போன்ற மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நோயாளியிடம் பேசுவது மாதிரி இரண்டு நாடகம் வரும், வலிக்கான ஆங்கிலச் சொல்லை அங்கே எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை நேரான ஏகாரத்தில் சொன்னால் வேறு சொல்லாகக் கேட்கலாம்.

ஐஇஎல்டிஎஸ் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல், அவ்வப்போது ஏறும், பதிவு செய்யும் அன்று தளத்திலேயே பாருங்கள். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பதிவில் எந்தப் பாஸ்போர்ட் எண் கொடுத்தீர்களோ அதன் அசலைத்தான் தேர்வன்று கொண்டுபோக வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. தேர்வு கோவையிலேயே எழுதலாம். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், ஆகவே மற்றக் காகிதமெல்லாம் தயாராவதற்கு ரொம்ப முன்பே எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆறு வாரப் பயிற்சியை முடித்துவிட்டுத் தேதி போடுங்கள். அவள் தேதியை முதலில் போட்டுவிட்டுப் பயிற்சியைப் பிறகு ஆரம்பித்தாள், கட்டணத்தை இரண்டு முறை கட்டினாள்.

10. சோதித்துப் பார்ப்பது

ஆறாவது வாரக் கடைசியில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவரைப் பிடியுங்கள், டீ வாங்கிக்கொடுத்தாவது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவர் திரும்பி உட்கார வேண்டும், உதட்டைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். ஜோடிச் சொற்களைக் கலந்து இருபது சொல்லுங்கள்: டோன், கிழிசல், லேஸ், குறைவு, குழாய், நாடா, ஈரம், எடை, அட்டை, கயிறு, விலை, பரிசு. எல்லாம் ஆங்கிலத்தில்தான், அவர் மட்டும் தமிழில் பொருளை எழுதட்டும். இருபதில் பதினெட்டு வந்தால் பையரிடம் பேசலாம். அதற்குக் குறைந்தால் எந்த ஜோடி விழுந்ததோ அந்த வாரத்தை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

நண்பர் கிடைக்காவிட்டால் போனில் குரலை எழுத்தாக்கும் வசதியை வைத்தும் பார்க்கலாம், ஆனால் மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலத்தை எடுத்துவிட்டு பிரிட்டிஷ் அல்லது அமெரிக்கன் வையுங்கள். இந்திய ஆங்கிலம் நம் ‘டோன்’ஐச் செல்லமாகப் புரிந்துகொண்டுவிடும்.

போன முறை அதே லண்டன் அம்மாவிடம் டோன் பற்றிப் பேச வேண்டி வந்தது. உதட்டைக் குவித்துச் சரியாகத்தான் சொன்னேன். இருந்தாலும் போனை வைத்த கையோடு “நிறம் சம்பந்தமானது, துணியில் சேதம் எதுவும் இல்லை” என்று இரண்டு வரி மெயிலும் போட்டுவிட்டேன். பேக்கிங் அக்காமாரிடம் இன்னொரு தடவை பேச்சு வாங்க எனக்குத் தெம்பில்லை.